சூளூர்பேட்டையில் ஒரு ரெய்டு

சூளூர்பேட்டை பஜாரில் ஒரு போட்டோ ஸ்டூடியோ. மாடிப்படிக்குக் கீழே, பழைய ஆல்பம் அட்டைகளுக்கும் யுபிஎஸ் பாட்டரிக்கும் நடுவில், நான்கு டிஸ்க் போட்ட ஒரு நாஸ் பெட்டி, அதாவது கடையின் கம்ப்யூட்டர்கள் நெட்வொர்க் வழியே பயன்படுத்தும் பொதுச் சேமிப்பு. அமைத்துக் கொடுத்தவன் நான்தான். நான்கு டெராபைட் டிஸ்க் நான்கு, ரெய்டு 5. மூன்றாம் வருஷம் ஒரு நாள் காலையில் போன்: "அண்ணா, கல்யாண போல்டர் ஒண்ணுகூடத் திறக்க மாட்டேங்குது." போய்ப் பார்த்தால் நான்கு விளக்கில் இரண்டு ஆரஞ்சு. பெட்டியின் பதிவுகளைப் புரட்டினேன். முதல் டிஸ்க் செத்துப் பதினோரு வாரம் ஆகியிருந்தது. இரண்டாவது, முந்தைய ராத்திரி.

"பீப் அடிச்சிருக்குமே தம்பி?"

"அடிச்சுது அண்ணா. கஸ்டமர் உட்கார்ந்திருக்கும்போது தொல்லையா இருந்துச்சு. பையன் செட்டிங்ஸ்ல போய் ஆஃப் பண்ணிட்டான்."

அன்றைக்கு எனக்கு ஸ்டூடியோக்காரர் மேல் வந்த கோபம் ரயில் ஏறுவதற்குள் என் மேல் திரும்பிவிட்டது. பீப்பை அணைத்தது பையன். ஆனால் அந்தப் பெட்டிக்கு ரெய்டு 5 என்று தீர்மானித்தவன், பன்னிரண்டு டெராபைட்டையும் ஒரே வால்யூமாகப் போட்டவன், "இனி பயமில்லை" என்று சொல்லிவிட்டு வந்தவன் நான். ரெய்டு எத்தனை வகை, எந்த இடத்துக்கு எது, அதன்மேல் வால்யூம்களை எப்படிப் பிரிப்பது என்பதைப் பற்றி அதற்குப் பிறகு படித்ததும் கணக்குப் போட்டதும்தான் இந்தக் கட்டுரை.

ரெய்டு என்றாலே நம் பக்கம் வருமான வரிக்காரர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். "சர்வர்ல ரெய்டு போட்டிருக்கேன்" என்று ஒரு முறை போனில் சொல்லப்போய், எதிர் சீட்டில் இருந்தவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இந்த ரெய்டு வேறு. பல டிஸ்க்குகளை ஒன்றாகக் கட்டி, வெளியே ஒரே டிஸ்க் போலக் காட்டி, உள்ளே ஒன்று செத்தாலும் வேலை நிற்காமல் ஓடவைக்கும் ஏற்பாடு.

இந்த ஊரைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் தேர்வு ஊரைப் பொறுத்தது. 2022 ஏப்ரல் வரை ஆந்திராவின் நெல்லூர் மாவட்டம், இப்போது திருப்பதி மாவட்டம். சென்னைப் புறநகர் ரயில் வடக்கே எல்லை கட்டும் ஊர். கிழக்கே பழவேற்காடு ஏரியைக் கடந்து போனால் ஸ்ரீஹரிகோட்டா. வெளியூர்க்காரர்களுக்கு இது ராக்கெட் ஊர். உள்ளூரில் நெல் வியாபாரம், இறால் பண்ணைக் கணக்கு, பள்ளிக்கூடங்கள், ஸ்கேன் சென்டர்கள், பூநாரை விழாவுக்குப் பெரிய லென்ஸோடு வந்து இறங்கும் படக்காரர்கள், தெற்கே தடாவை ஒட்டி ஸ்ரீசிட்டியின் ஆலைகள். இவர்களில் பாதிப் பேரிடம் இன்று ஏதோ ஒரு சர்வர் பெட்டி மேஜைக்கடியில் ஓடிக்கொண்டிருக்கிறது. பார்த்துக்கொள்ளத் தனி ஆள் கிடையாது. கரன்ட் போய்ப் போய் வரும். ஏரிப் பக்கத்து உப்புக் காற்று வேறு.

ரெய்டு பிறந்த கதை சிக்கனத்தின் கதை. பெர்க்லியில் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கட்ஸ் மூவரும் 1987இல் எழுதி 1988இல் ஒரு மாநாட்டில் வெளியிட்ட கட்டுரை அது. ஐபிஎம்மின் மெயின்பிரேம் டிஸ்க் பீரோ அளவு, விலையும் அதற்கேற்ப. பிசியில் போடும் 100 மெகாபைட் டிஸ்க் மலிவு. மலிவான நூறைச் சேர்த்துக் கட்டினால் பெரியதை ஜெயிக்கலாமே என்பது யோசனை. சிக்கலையும் அவர்களே கணக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒரு டிஸ்க்கின் சராசரி ஆயுள் 30,000 மணி நேரம் என்றால், நூறு டிஸ்க் சேர்ந்த கூட்டத்தில் முதல் சாவு 300 மணி நேரத்தில், இரண்டு வாரம்கூட ஆகாமல், வந்துவிடும். ஆகவே உபரி டிஸ்க் வேண்டும், உபரியை எப்படிப் பயன்படுத்துவது என்பதில் ஐந்து வகை என்று 1 முதல் 5 வரை எண் போட்டார்கள். ரெய்டு என்ற சுருக்கப் பெயரின் விரிவில் 'மலிவு' என்று இருந்த சொல்லை டிஸ்க் விற்கிற கம்பெனிகள் பின்னால் 'தனித்தனி' என்று மாற்றிக்கொண்டன. மலிவு என்று எந்த வியாபாரி போர்டு வைப்பான்? ஆனால் அந்தப் புதுச் சொல்லான 'தனித்தனி'தான் நடைமுறையில் பொய்த்துப்போவது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ரெய்டு 5 எப்படி வேலை செய்கிறது என்பதை ஸ்டூடியோக்காரருக்கு மொய் நோட்டை வைத்துத்தான் விளக்கினேன். (இந்தப் பக்கம் தெலுங்கில் சதிவிம்புலு என்பார்கள்.) மூன்று பேர் மொய் எழுதுகிறார்கள்: 501, 1001, 251. அடியில் கூட்டல் 1753. நோட்டில் சாம்பார் கொட்டி நடுவில் இருக்கும் தொகை அழிந்துவிட்டது என்று வையுங்கள். கவலை இல்லை. 1753இலிருந்து 501ஐயும் 251ஐயும் கழித்தால் 1001. மூன்று தொகை மூன்று டிஸ்க், கூட்டல் நான்காவது டிஸ்க். கம்ப்யூட்டர் கூட்டலுக்குப் பதில் ஒற்றை இரட்டை பார்க்கும் ஒரு செயலைச் செய்கிறது, அவ்வளவுதான். அந்தக் கூட்டலுக்குத்தான் பேரிட்டி என்று பெயர். அதுவும் ஒரே டிஸ்க்கில் உட்காராமல் எல்லா டிஸ்க்கிலும் சுற்றி வரும்.

இரண்டு தொகை அழிந்தால்? கூட்டலை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அங்கேதான் ரெய்டு 6. அது இரண்டாவதாக ஒரு கூட்டல் போட்டு வைக்கிறது, வேறு மாதிரி. முதல் தொகையை ஒன்றால், இரண்டாவதை இரண்டால், மூன்றாவதை மூன்றால் பெருக்கிக் கூட்டினால் 501, 2002, 753, ஆக 3256. இப்போது முதல் இரண்டு தொகையும் அழியட்டும். சாதாரணக் கூட்டலின்படி இரண்டும் சேர்ந்து 1502. பெருக்கல் கூட்டலின்படி முதலாவதும் இரண்டாவதின் இரு மடங்கும் சேர்ந்து 2503. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் இரண்டாவது 1001, மீதி 501. பத்தாம் வகுப்புச் சமன்பாடுதான். நிஜத்தில் இது 1960இல் ரீட், சாலமன் என்ற இருவர் கொடுத்த கணிதத்தின் வழியில் நடக்கிறது.

மொய் நோட்டில் இன்னொரு பாடமும் இருக்கிறது. எழுதின பிறகு 501ஐ 1001 ஆகத் திருத்தச் சொல்கிறார் மாமா. பழைய தொகையைப் படிக்கணும், பழைய கூட்டலைப் படிக்கணும், புதுத் தொகை எழுதணும், புதுக் கூட்டல் எழுதணும். ஒரு திருத்தத்துக்கு நான்கு வேலை. ரெய்டு 6இல் ஆறு. கூட்டலே இல்லாமல் இரண்டு நோட்டில் அப்படியே எழுதும் ரெய்டு 1க்கும், அப்படிப்பட்ட ஜோடிகளை வரிசையாகக் கட்டிய ரெய்டு 10க்கும் இரண்டே. நிமிஷத்துக்கு 7200 சுற்று சுழலும் சாதா டிஸ்க் வினாடிக்கு எண்பது துண்டு வேலை பார்க்கும் என்று வைத்தால், நான்கு டிஸ்க்குக்கு 320. எழுதும்போது அது ரெய்டு 10இல் 160, ரெய்டு 5இல் 80, ரெய்டு 6இல் 53. டாலி கணக்கும் பள்ளிக்கூட டேட்டாபேஸும் துண்டு துண்டாக எழுதுகிறவை, அங்கே இந்த வித்தியாசம் கண்ணில் அடிக்கும். நீளமான வீடியோவைக் கொட்டும்போது கூட்டலையும் மொத்தமாகப் போட்டுவிடுவதால் பேரிட்டி வகைகளும் தாக்குப்பிடிக்கும்.

தொகைக்கும் கூட்டலுக்கும் நடுவில் கரன்ட் போனால் என்ன ஆகும் என்பது இந்த ஊர்க்காரர்கள் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி. புதுத் தொகை, பழைய கூட்டல். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஆறு மாதம் கழித்து ஒரு டிஸ்க் செத்து, அந்தக் கூட்டலை நம்பிக் கழிக்கும்போது தப்பான எண் வரும், அது தப்பு என்று சொல்ல யாரும் இருக்கமாட்டார்கள். பாட்டரி வைத்த கண்ட்ரோலர் கார்டு, லினக்ஸில் தனி ஜர்னல், பழைய இடத்தில் எழுதாமல் எப்போதும் புது இடத்தில் எழுதும் இசட்எஃப்எஸ் என்று மருந்துகள் இருக்கின்றன. பிடிஆர்எஃப்எஸ் என்ற கோப்பு முறையோ தன் ரெய்டு 5, 6 வசதியைப் பற்றித் தன் ஆவணத்திலேயே எச்சரிக்கிறது. எந்த மருந்து போட்டாலும் யுபிஎஸ்ஸிலிருந்து சர்வருக்கு ஒரு யுஎஸ்பி வயர் போகட்டும். பாட்டரி இறங்குவதற்குள் சர்வர் தானே கௌரவமாக மூடிக்கொள்ளும். நான் பார்த்த இடங்களில் அந்த வயர் பெரும்பாலும் பிரிக்காத கவரிலேயே கிடக்கும்.

சரி, ஸ்டூடியோவுக்கு ரெய்டு 5 ஏன் தப்பு? நான்கு டிஸ்க்கில் மூன்று டிஸ்க் இடம் கிடைக்கிறதே என்ற ஆசையில் போட்டேன். இடம் கிடைத்தது உண்மை. ஆனால் ஒன்று செத்துப் புதியதைச் செருகும்போது, மற்ற மூன்றையும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்துத்தான் புதியதை நிரப்ப முடியும். பன்னிரண்டு டெராபைட் படிப்பு. சாதா டிஸ்க்குகளின் அட்டையில், பத்தின் பதினான்காம் அடுக்கு பிட்டுக்கு ஒன்று படிக்க முடியாமல் போகலாம் என்று போட்டிருப்பார்கள். பைட்டில் சொன்னால் 12.5 டெராபைட்டுக்கு ஒன்று. நிஜ டிஸ்க்குகள் அட்டையைவிட நன்றாகவே உழைக்கின்றன, அதனால் இதை ஜோசியமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனாலும் உபரி முழுக்கத் தீர்ந்த நிலையில், மூன்று வருஷம் உழைத்த மூன்று கிழட்டு டிஸ்க்குகளை ராத்திரி முழுக்க ஓடவிட்டு, ஒன்றுகூட இருமக்கூடாது என்று எதிர்பார்ப்பது எந்த வகைத் திட்டம்?

எவ்வளவு நேரம் என்பதும் முக்கியம். நான்கு டெராபைட்டை வினாடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் நிரப்ப ஏழரை மணி நேரம். இருபது டெராபைட் டிஸ்க் என்றால் 200 மெகாபைட் வேகத்திலும் 28 மணி நேரம். இது வேறு யாரும் பெட்டியைத் தொடாமல் இருந்தால். 2020இல் இன்னொரு விஷயம் வெளியே வந்தது. நாஸுக்கென்றே விற்ற வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரையிலான சில மாடல்கள், ஓடு வேய்வதுபோல் தடங்களை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி எழுதும் ரகம் என்று தெரிந்தது. அவற்றைச் செருகிய இடங்களில் மீள்நிரப்பல் மணிக்கணக்கிலிருந்து நாள்கணக்குக்குப் போனது. டிஸ்க் வாங்கும்போது அட்டைப் பெட்டியின் படத்தைப் பார்க்காமல் மாடல் எண்ணைப் பாருங்கள்.

சூளூர்பேட்டைக்காரருக்கு இந்த நேரத்தோடு இன்னொரு நேரத்தையும் கூட்டவேண்டும். டிஸ்க் வாங்க ரிச்சி தெருவுக்குப் போய்வரும் நேரம். சென்ட்ரல் வரை ரயிலில் இரண்டு மணிக்கு மேல், அங்கிருந்து அண்ணா சாலைப் பக்கம், திரும்ப அதே தூரம். ஞாயிறு என்றால் அங்கே பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். ஆன்லைனில் போட்டால் நாள்கணக்கு. இந்த நேரம் முழுக்க ரெய்டு 5 உபரி இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். பெரிய டேட்டா சென்டரில் பீரோ நிறைய உபரி டிஸ்க் இருக்கும், அங்கே பொருந்தும் கணக்கு இங்கே பொருந்தாது. சிற்றூரில் சர்வர் வைப்பவர் வாங்கும் அன்றே ஒரு டிஸ்க் அதிகம் வாங்கி, கவர் பிரிக்காமல், பீரோவில் வைக்கவேண்டும். டிஸ்க் விலையில் நாலில் ஒரு பங்கு கூடுதல் என்று முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

'தனித்தனி' விஷயத்துக்கு வருகிறேன். பெர்க்லி கட்டுரையின் கணக்கு, ஒரு டிஸ்க்கின் சாவுக்கும் அடுத்ததன் சாவுக்கும் சம்பந்தமில்லை என்ற அனுமானத்தில் நின்றது. அதை எழுதிய மூவரில் ஒருவரான கார்த் கிப்சனே, பியங்கா ஷ்ரோடரோடு சேர்ந்து 2007இல் சுமார் ஒரு லட்சம் டிஸ்க்குகளின் நிஜக் கணக்கைப் பார்த்தார். பத்து லட்சம் மணி நேரம் உழைக்கும் என்று அட்டையில் போட்டிருந்தால் வருஷத்துக்கு நூற்றில் ஒன்றுகூடச் சாகக்கூடாது. நிஜத்தில் இரண்டு முதல் நான்கு சாதாரணம், சில இடங்களில் 13 வரை. அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது, சாவுகள் சீராகப் பரவாமல் கொத்துக் கொத்தாக வந்தன என்பது. ஒரே பெட்டி, ஒரே சூடு, ஒரே கரன்ட் அடி, ஒரே நாள் ஒரே கடையில் வாங்கிய ஒரே லாட். வேறென்ன வரும்?

ராக்கெட் ஊரில் உட்கார்ந்து இதைப் படித்தபோது எனக்கு ஏரியன் 5 ஞாபகம் வந்தது. 1996 ஜூன் 4, பிரெஞ்சு கயானாவில் அதன் முதல் பயணம். திசை கணிக்கும் கம்ப்யூட்டர் இரண்டு வைத்திருந்தார்கள், ஒன்று போனால் மற்றது. இரண்டிலும் ஒரே மென்பொருள். ஒரு பெரிய எண்ணை 16 பிட் பெட்டிக்குள் திணிக்கப் பார்த்து, உபரிக் கம்ப்யூட்டர் முதலில் விழுந்தது, சுமார் 72 மில்லி வினாடி கழித்து முதன்மையும் அதே காரணத்தால் விழுந்தது. நாற்பது வினாடிக்குள் ராக்கெட் தீப்பிழம்பு. அந்த 16 பிட் பெட்டியில் அடங்கும் மிகப் பெரிய எண் 32,767. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். 2019 நவம்பரில் ஹெச்பி என்டர்பிரைஸ் தன் சில எஸ்எஸ்டி (சுழலாத டிஸ்க்) மாடல்களுக்கு அவசர அறிவிப்பு விட்டது: உள்மென்பொருளை மாற்றாவிட்டால் சரியாக 32,768 மணி நேரம் ஓடியதும் டிஸ்க் செத்துவிடும், உள்ளே இருப்பதையும் மீட்க முடியாது. மூன்று வருஷம், 270 நாள், 8 மணி நேரம். எண்ணைப் பார்த்ததும் அதே பழைய பெட்டி நிரம்பிய கதை என்று எந்த புரோகிராமருக்கும் தோன்றும். ஒரே நாளில் ஆன் செய்த எட்டு எஸ்எஸ்டி ஒரே நாளில் சாகும்போது ரெய்டு 6 இருந்தென்ன, 10 இருந்தென்ன? அதனால்தான் இப்போதெல்லாம் நான்கு டிஸ்க் வாங்கினால் இரண்டு கம்பெனி, முடிந்தால் இரண்டு கடை என்று வாங்குகிறேன். கடைக்காரர்கள் என்னைக் கிறுக்கன் என்று நினைக்கிறார்கள்.

ஆகவே எது? இரண்டு டிஸ்க் பெட்டி என்றால் யோசிக்கவே வேண்டாம், ரெய்டு 1. ஸ்கேன் சென்டர், பள்ளி அலுவலகம், ஆடிட்டர், எல்லோருக்கும் அது போதும். ஒரு டிஸ்க்கை உருவி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் அநேகமாகப் படித்துவிடலாம் என்பது சின்ன ஊரில் பெரிய ஆறுதல். நான்கு டிஸ்க்குக்கு 6ஆ 10ஆ என்பதுதான் உண்மையான சண்டை. இரண்டிலும் பாதி இடம்தான் கிடைக்கும். ரெய்டு 6 எந்த இரண்டு செத்தாலும் நிற்கும். ரெய்டு 10இல் ஒன்று செத்த பிறகு மீதி மூன்றில் அதன் ஜோடி செத்தால் கதை முடிந்தது, மற்ற இரண்டில் ஒன்று செத்தால் ஓடும். ஆனால் 10இல் மீள்நிரப்பல் ஜோடி ஒன்றை மட்டும் நகலெடுப்பது. மூன்று கிழவர்களை ஓடவிட வேண்டியதில்லை, எழுத்தும் வேகம். டேட்டாபேஸ் ஓடுகிற இடத்தில் 10. எழுதிவிட்டு வருஷக்கணக்கில் படிக்க மட்டும் செய்கிற இடத்தில், ஆறு டிஸ்க்குக்கு மேல் போனால், 6. ரெய்டு 5ஐச் சின்ன எஸ்எஸ்டிகளில் இன்னும் பொறுத்துக்கொள்ளலாம், பெரிய சுழலும் டிஸ்க்குகளில் என் கையால் இனி போடமாட்டேன். ரெய்டு 0 வெறும் வேகத்துக்கு, எடிட்டிங் மேஜையில் தற்காலிக வேலைக்கு மட்டும். ஒன்று செத்தால் எல்லாம் செத்தது.

கார்டா மென்பொருளா என்ற கேள்விக்கும் ஊரே விடை சொல்கிறது. தனி ரெய்டு கார்டு வேகமானதுதான், பாட்டரியும் உண்டு. ஆனால் கார்டு எரிந்தால் அதே கார்டு, அல்லது அதன் வம்சம், வேண்டும். ஐந்து வருஷம் கழித்து அதற்கு எங்கே போவது? லினக்ஸின் எம்டி ரெய்டில் கட்டிய டிஸ்க்குகளை எந்த லினக்ஸ் பெட்டியில் மாட்டினாலும் அது அடையாளம் கண்டு சேர்த்துவிடும். மதர்போர்டிலேயே வரும் இலவச ரெய்டு இரண்டின் குறைகளையும் சேர்த்து வைத்திருக்கிறது. ஒரு எச்சரிக்கை: சாதா டெஸ்க்டாப் டிஸ்க் ஒரு கெட்ட இடத்தைப் படிக்க நிமிஷக்கணக்கில் மல்லுக்கட்டும். லினக்ஸ் வழக்கமாக முப்பது வினாடிதான் பொறுக்கும், அதற்குப் பிறகு நல்ல டிஸ்க்கையே செத்ததாகக் கருதிக் கூட்டத்திலிருந்து தள்ளிவிடக்கூடும். நாஸ் டிஸ்க்குகள் சுமார் ஏழு வினாடியில் 'முடியவில்லை' என்று கையை விரித்துவிடும், ரெய்டு கூட்டல் போட்டுச் சமாளித்துக்கொள்ளும். கூடக் கொடுக்கும் காசு பெரும்பாலும் இந்தப் பணிவுக்குத்தான்.

இனி வால்யூம். ரெய்டைக் கட்டுவது நிலம் வாங்குவது, வால்யூம் போடுவது மனை பிரிப்பது. நிலம் வாங்கிய அன்றே மூலை விடாமல் மனை போட்டு விற்றவன் பிறகு ரோட்டுக்கு இடம் தேடுவான். நான் ஸ்டூடியோவில் அதைவிட மோசம், பிரிக்கவே இல்லை. கல்யாண வீடியோ, டாலி கணக்கு, கடையின் கேமரா பதிவு, பையன் இறக்கிய சினிமா எல்லாம் ஒரே பன்னிரண்டு டெராபைட்டில். கேமரா பதிவு என்பது தீனி அடங்காத மாடு. வினாடிக்கு 2 மெகாபிட் அனுப்பும் ஒரு கேமரா நாளைக்கு 21.6 ஜிபி தின்னும். எட்டு கேமரா, முப்பது நாள் என்றால் ஐந்து டெராபைட் தாண்டும். டிஸ்க் நிரம்பிய அன்று டாலி நின்றது, காரணம் தெருவில் போன ஆட்டோக்களின் வீடியோ.

லினக்ஸில் இதற்கு எல்விஎம் என்ற அடுக்கு இருக்கிறது. ரெய்டை ஒரு பெரிய குவியலாகக் கொடுத்துவிட்டு, அதிலிருந்து வேண்டிய அளவு வால்யூம்களை அரிந்து எடுக்கலாம், பிறகு ஓடிக்கொண்டிருக்கும்போதே பெரிதாக்கலாம். பெரிதாக்குவது எளிது, சிறிதாக்குவதுதான் வம்பு. ஈஎக்ஸ்டி4ஐ இறக்கி வைத்துச் சுருக்கலாம். எக்ஸ்எஃப்எஸ்ஸைப் பல வருஷமாகச் சுருக்க முடியாது என்றே வைத்துப் பழகியிருக்கிறோம். அதனால் சின்னதாகத் தொடங்கி, குவியலில் ஐந்தில் ஒரு பங்காவது யாருக்கும் கொடுக்காமல் வைக்க வேண்டும். ஸ்னாப்ஷாட், அதாவது ஒரு நொடியின் நிலையை அப்படியே பிடித்து வைக்கும் நகல், எடுக்கவும் அந்த இடம்தான் வேண்டும். தின் வால்யூம் என்று ஒன்று உண்டு. எட்டு டெராபைட் குவியலை வைத்துக்கொண்டு ஆளுக்கு ஐந்து என்று நான்கு பேருக்கு வாக்குக் கொடுப்பது. எல்லோரும் ஒரே மாதத்தில் சீட்டு எடுக்க வராதவரை சீட்டுக் கம்பெனி நன்றாகத்தான் நடக்கும். தினம் கண்காணிக்க ஆள் இல்லாத இடத்தில் நான் அதைத் தொடுவதில்லை.

அளவு பற்றி ஒரு தகராறு எப்போதும் வரும். "எட்டு டிபி சொன்னீங்க, 7.27 காட்டுதே அண்ணா?" கம்பெனி ஆயிரத்தால் பெருக்குகிறது, கம்ப்யூட்டர் 1024ஆல் வகுக்கிறது. யாரும் திருடவில்லை. ஸ்டூடியோவில் மறுபடி கட்டிய பெட்டியில் இப்போது அந்த 7.27இல் நடப்பு வேலைக்கு 3, முடிந்த வேலைக்கு 2.5, கணக்குக்கு 0.1, மீதி சும்மா கிடக்கிறது. மூன்று கேமராவில் 4கே எடுத்தால், வினாடிக்கு 100 மெகாபிட் கணக்கில், ஆறு மணி நேர முகூர்த்தமே 810 ஜிபி. அதனால் நடப்பு வால்யூம் பெரிது. கேமரா பதிவை அடியோடு வெளியேற்றி, அதற்கென ஒரு ரெக்கார்டர், ஒற்றை டிஸ்க், ரெய்டே இல்லாமல் கொடுத்துவிட்டேன். போனால் போகட்டும்.

சூளூர்பேட்டையில் செங்காளம்மன் கோயில் இருக்கிறது. ராக்கெட் விடுவதற்கு முன் இஸ்ரோ தலைவர்கள் வந்து கும்பிடுகிற கோயில். அம்மன் சந்நிதிக்குக் கதவு சாத்துவதில்லை என்பது ஊர் வழக்கம், ராத்திரியும் பகலும் திறந்தே. ரெய்டு கொடுப்பது அந்தத் திறந்த கதவைத்தான். ஒரு டிஸ்க் செத்தாலும் கடை மூடாது, வேலை நிற்காது. நகையைப் பத்திரப்படுத்துவது வேறு ஏற்பாடு. பையன் ஒரு போல்டரை அழித்தால் ரெய்டு எல்லா டிஸ்க்கிலும் அதே வினாடியில், மிகுந்த விசுவாசத்தோடு, அழித்துவிடும்.

வைரஸ் பூட்டுப் போட்டாலும் அப்படித்தான். 2017 மே மாதம் வானாக்ரை உலகைச் சுற்றியபோது ஆந்திரக் காவல் துறையின் கணினிகள் சிக்கின, சித்தூர் மாவட்டமும் அதில் இருந்தது. அடுத்த சில நாளில் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் சில கணினிகளும் மாட்டின. 2022 நவம்பர் 23இல் டெல்லி எய்ம்ஸ். ஐந்து சர்வர்கள், சுமார் 1.3 டெராபைட் பூட்டப்பட்டதாக நாடாளுமன்றத்தில் அரசு சொன்னது. நோயாளிச் சீட்டுகளைக் கையால் எழுதினார்கள். கடைசியில் தப்பிக்க வைத்தது தாக்குதல் எட்டாத ஒரு பேக்கப் சர்வர். தென்கொரியாவுக்கு அந்த யோகம் இல்லை. 2025 செப்டம்பர் 26இல் தேஜான் நகரத்து அரசு டேட்டா சென்டரில் பாட்டரி தீப்பிடித்து, அரசு ஊழியர்கள் கோப்பு வைத்திருந்த ஜி டிரைவின் 858 டெராபைட் எரிந்துபோனது. அளவு பெரிது என்பதால் வெளியே நகல் வைத்திருக்கவில்லை.

மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியூரில் என்ற விதியைப் பிரபலமாக்கியவர் பீட்டர் க்ரோக், அவரும் போட்டோக்காரர். ஸ்டூடியோக்காரரிடம் இதைச் சொன்னதும்தான் அவருக்கு நம்பிக்கை வந்தது, என் ஜாதியா என்று கேட்டார். இணையத்தில் ஏற்றலாம் என்று பார்த்தோம். வினாடிக்கு 50 மெகாபிட் ஏறினாலும் மூன்று டெராபைட்டுக்கு ஐந்தரை நாள். பதிலாக எட்டு டெராபைட் யுஎஸ்பி டிஸ்க் இரண்டு வாங்கினோம். ஒன்று கடையில், ஒன்று சென்னை வியாசர்பாடியில் அவர் மைத்துனர் வீட்டில். மாதம் ஒரு முறை புறநகர் ரயிலில் மாற்றிக்கொள்கிறார்கள். கணக்குப் போட்டால் இரண்டரை மணி நேரத்தில் எட்டு டெராபைட், வினாடிக்கு ஏழு கிகாபிட். எந்தக் கம்பெனியும் பஜாருக்கு அந்த வேகம் தருவதில்லை.

பழைய டிஸ்க்குகளைச் சென்னையில் மீட்பு வேலை செய்கிறவரிடம் காட்டினோம். அவர் கேட்ட தொகை பெட்டியின் விலையைவிட அதிகம், உத்தரவாதமும் இல்லை. ஒரு கல்யாணம் மட்டும் கேமரா கார்டை அழிக்க மறந்திருந்ததால் பிழைத்தது. மற்ற வீடுகளுக்கு ஸ்டூடியோக்காரர் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். நான் கூடப் போகவில்லை.

இப்போது ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு பெட்டி தானாக எல்லா டிஸ்க்கையும் முழுசாகப் படித்துச் சரிபார்க்கிறது. மறுநாள், கடை திறக்கும் முன், பையனே செட்டிங்ஸுக்குள் போய் எச்சரிக்கைச் சோதனையை அழுத்துவான். அவர் போனுக்கும் என் போனுக்கும் மெயில் வரும், கூடவே பீப் அடிக்கும். எதிர் டீக்கடையிலிருந்து இன்னும் யாராவது தெலுங்கில் கத்துகிறார்கள், அதை அணை என்று.